பிரிட்ஜை நகர்த்தச் சொன்ன கேமரா

சில ஆண்டுகளுக்கு முன் மேல்விஷாரத்தில் எங்கள் காலனிக்கு ஒரு படக்குழு வந்தது. வடநாட்டுப் பெருநகரம் ஒன்றிலிருந்து வந்தவர்கள். தோல் தொழிலாளர்களின் வறுமையைப் பற்றி இந்தியில் ஓர் ஆவணப்படம் எடுக்கிறோம் என்றார்கள். நல்ல பிள்ளைகள்தான். பேச்சில் மரியாதை இருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் தயங்காமல் வாங்கிக் குடித்தார்கள். அவர்களை வீடு வீடாக அழைத்துச் சென்றவன் நான்.

முப்பது வருடத்துக்கு மேல் தோல் ஷாப்பில் வேலை செய்து ஓய்ந்த ஒரு பெரியம்மாவின் வீட்டில் கேமராவை நிறுத்தினார்கள். அவருடைய கைகளை வெகுநேரம் படம் பிடித்தார்கள். சுண்ணாம்பும் உப்பும் தின்ற விரல்கள் அவை. பிறகு இயக்குநர் என்னைத் தனியே அழைத்து, பின்னால் தெரியும் பிரிட்ஜைச் சற்று நகர்த்த முடியுமா என்று கேட்டார். காட்சிக்கு அது பொருந்தவில்லையாம். நான் அதைத் தமிழில் பெரியம்மாவிடம் சொன்னேன்.

“ஏம்பா, பிரிட்ஜ் இன்னா பாவம் பண்ணுச்சு?” என்றார் பெரியம்மா. “மாசா மாசம் தவணை கட்டி வாங்குனது. தவணை கட்டுறப்ப ஒருத்தரும் படம் புடிக்க வர்லியே!”

ஆனாலும் நகர்த்தினோம். ஒரு பக்கம் நானும் பிடித்தேன். தமிழில் முதுகலை படித்தவன், இயக்க மேடைகளில் பேசுகிறவன், அன்று அந்த வீட்டை இன்னும் கொஞ்சம் ஏழை வீடாக்க உதவி செய்தேன். அந்த உறுத்தலில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அந்த இளைஞருக்குப் பொய் சொல்லும் எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஏழையின் வீடு எப்படி இருக்கும் என்று ஒரு சித்திரம் அவர் மனதில் முன்பே பதிந்திருந்தது. எங்கள் வீடு அந்தச் சித்திரத்தோடு ஒத்துப்போகவில்லை. ஆகவே வீட்டை மாற்றினார். அந்தச் சித்திரத்தை அவருக்குக் கொடுத்ததில் இந்தி சினிமாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தச் சினிமாவை எடுத்தவர்கள் யார், எந்த வீட்டில் பிறந்தவர்கள், எங்கிருந்து ஏழையைப் பார்த்தார்கள் என்ற கேள்வி பம்பாய்க்காரர்களுக்கு மட்டுமானதாகத் தோன்றலாம். கேமரா நம் தெருவுக்கு வந்த அன்று அது நம்முடைய கேள்வியும் ஆகிவிட்டது.

1936இல் இரண்டு குரல்கள்

தீண்டாமையைப் பேசிய தொடக்க கால இந்திப் படங்களில் புகழ் பெற்றது ‘அச்சுத் கன்யா’. பம்பாய் டாக்கீஸ் நிறுவனம் 1936இல் தயாரித்தது. இயக்கியவர் ஜெர்மானியரான பிரான்ஸ் ஆஸ்டன். தீண்டத்தகாத பெண் கஸ்தூரியாக நடித்தவர் தேவிகா ராணி. தாகூர் குடும்பத்து உறவினர், லண்டனில் படித்தவர், சென்னை மாகாணத்தின் முதல் இந்திய சர்ஜன் ஜெனரலின் மகள். ரயில்வே கேட் காவலரின் மகளாக அவர் வில்லாய்த் திருத்திய புருவத்தோடு திரையில் வந்தார். பிராமண இளைஞனாக அசோக் குமார். காதல் கைகூடவில்லை. முடிவில் கஸ்தூரி ரயிலுக்குப் பலியாகிறாள். பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள்.

அதே 1936இல்தான் லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அண்ணல் அம்பேத்கரை அழைத்து, அவர் எழுதிய உரையைப் படித்துவிட்டு அழைப்பைத் திரும்பப் பெற்றது. அவர் அந்த உரையைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். அதுதான் ‘சாதி ஒழிப்பு’.

ஒரே ஆண்டில் இரண்டு குரல்கள். ஒன்று, சாகும் தீண்டத்தகாத பெண்ணுக்காக அழச் சொன்னது. மற்றது, அவளைச் சாகடிக்கும் ஏற்பாட்டை ஒழிக்கச் சொன்னது. திரையரங்குகள் முதல் குரலுக்குத் திறந்தன. இரண்டாம் குரலுக்கு ஒரு மாநாட்டு மண்டபம்கூடத் திறக்கவில்லை. ஏழையைப் பற்றிப் பேசலாம், ஆனால் இரக்கத்தின் எல்லையைத் தாண்டக்கூடாது என்ற எழுதாத சட்டம் அன்றே தொடங்கிவிட்டது.

நீதிபதிக்குப் பிறந்த நாடோடி

விடுதலைக்குப் பின் இந்தி சினிமா ஏழையை நாயகனாக்கியது. ராஜ் கபூரின் ‘ஆவாரா’ 1951இல் வந்தது. சேரியில் வளர்ந்து திருடனாகும் ராஜுவின் கதை. சோவியத் நாடுவரை கொண்டாடப்பட்ட படம். குற்றவாளி பிறப்பதில்லை, வறுமையே அவனை உருவாக்குகிறது என்று அது சொன்னது. துணிச்சலான செய்திதான். ஆனால் அந்த ராஜு யாருடைய மகன்? நீதிபதி ரகுநாத்தின் மகன். அவர் தன் மனைவியைச் சந்தேகப்பட்டு வெளியே துரத்தியதால் தெருவில் பிறந்தவன். திரையில் அந்த நீதிபதியாக நடித்தவர் ராஜ் கபூரின் சொந்தத் தந்தை பிருத்விராஜ் கபூர்.

1955இல் வந்த ‘ஸ்ரீ 420’இன் நாயகனும் பட்டதாரிதான். வேலை தேடி பம்பாய்க்கு நடந்து வருகிறவன். இரு படங்களிலும் எழுத்துப் பங்கு கே.ஏ. அப்பாஸுடையது. அவர் இடதுசாரி, ஏழைகள் மீது உண்மையான பற்று உள்ளவர். ஆனாலும் பார்வையாளரின் அன்பைப் பெற வேண்டிய ஏழை, பிறப்பாலோ படிப்பாலோ பார்வையாளரைப் போன்றவனாக இருக்க வேண்டியிருந்தது. அவன் வழிதவறி ஏழையானவன். மூன்று தலைமுறையாகச் சுண்ணாம்புத் தொட்டியில் கால் வைத்து நிற்கும் குடும்பத்தில் பிறந்தவனுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வடநாட்டில் குடும்பப் பெயரைக் கேட்டால் சாதி தெரியும். இந்தி சினிமாவின் ஏழைகள் பலருக்கு அந்தப் பெயரே இருக்காது. ராஜு, விஜய் என்று முதல் பெயரோடு நின்றுவிடும். சாதியில்லாத வறுமை என்ற ஒன்றை இந்தியாவில் பார்க்க வேண்டுமென்றால் அதற்குத் திரையரங்குக்குத்தான் போக வேண்டும்.

இரண்டு பிகா நிலமும் ராணிப்பேட்டையும்

எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது. பிமல் ராய் டாக்கா பகுதியின் ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தவர். 1953இல் அவர் எடுத்த ‘தோ பிகா ஜமீன்’ படத்தில் வில்லனே ஜமீன்தார்தான். சம்பு என்ற சிறு விவசாயி, தான் பட்ட கடன் 65 ரூபாய் என்று நினைக்கிறான். கணக்கப்பிள்ளையின் ஏட்டில் அது 235 ரூபாயாக வளர்ந்திருக்கிறது. நிலத்தை மீட்கக் கல்கத்தாவுக்குப் போய்க் கைரிக்‌ஷா இழுக்கிறான். கடைசியில் நிலமும் போகிறது. அங்கே ஆலை எழும்புகிறது. ஒரு பிடி மண்ணை எடுக்கப் போனவனைக் காவலாளி அதட்டி, அதையும் கீழே போட வைக்கிறான். தன் வகுப்பின் கணக்கு நோட்டைத் தானே பிரித்துக் காட்டியவர் என்று பிமல் ராயைச் சொல்லலாம்.

சம்புவாக நடித்த பல்ராஜ் சாஹ்னி வசதியான குடும்பத்தில் பிறந்தவர். லாகூரில் ஆங்கில முதுகலை, லண்டனில் பி.பி.சி.யில் வேலை. கல்கத்தாத் தெருக்களில் ரிக்‌ஷா இழுக்கப் பழகியபோது நம்பிக்கை இழந்து உட்கார்ந்திருந்தாராம். அப்போது பீகாரைச் சேர்ந்த ஒரு ரிக்‌ஷாக்காரர் அருகே வந்து விசாரித்திருக்கிறார். படத்தின் கதையைச் சொன்னதும் அந்த மனிதர் அழுதுவிட்டார். அவருடைய இரண்டு பிகா நிலமும் அப்படித்தான் ஜமீன்தாரிடம் போயிருந்தது. அதற்குப் பிறகு நடிப்புக் கோட்பாடுகளை ஒதுக்கிவிட்டு அந்த மனிதரையே மனதில் வைத்து நடித்ததாக சாஹ்னி எழுதியிருக்கிறார். பிறப்பு ஒரு சுவர்தான். கேட்கத் தெரிந்தவருக்கு அதில் ஒரு வாசல் உண்டு.

இந்தப் படத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு 2015 ஜனவரி 31 நினைவுக்கு வரும். அன்று அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டை ஒட்டிய பகுதியில், தோல் ஆலைகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஆலைக்குள் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சம்புவின் பேரப்பிள்ளைகள் என்றுகூடச் சொல்லலாம். சம்பு கல்கத்தாவோடு நின்றான். இவர்கள் பாலாற்றங்கரைவரை வந்தார்கள். சம்புவுக்கு ஒரு படம் கிடைத்தது. கான் திரைவிழாவில் பரிசும் கிடைத்தது. இந்த 10 பேர் எந்த இந்திப் படத்தில் வருகிறார்கள்? வேலை செய்யும் இடத்திலேயே படுத்துத் தூங்கும் மனிதனின் வறுமையை எழுத, அந்த ஆலைக்குள் ஓர் இரவாவது படுத்திருக்க வேண்டும். அல்லது படுத்திருந்தவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும்.

வந்து இறங்கும் நாயகன்

இந்தி சினிமாவின் சமூக அக்கறைப் படங்களில் அடிக்கடி வரும் ஒரு காட்சி உண்டு. ஒருவர் ஊருக்கு வந்து இறங்குவார். அவர் கண் வழியாக நாம் ஊரைப் பார்ப்போம். ஊரின் அநியாயம் அவரைத் திடுக்கிட வைக்கும். அவர் செயலில் இறங்குவார்.

ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ (1976) குஜராத்தின் பால் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றியது. 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம். உலகில் இப்படி எத்தனை படங்கள் உண்டு? அதிலும் ரயிலில் வந்து இறங்குபவர் நகரத்து மருத்துவர் ராவ். சேரியின் கோபக்கார இளைஞன் போலா அவரை மெல்ல மெல்ல நம்ப வேண்டும். பணம் போட்டவர்கள் கிராமத்தவர்கள், பார்வை வந்தவருடையது. ராவ் ஊரை விட்டுப் போகிறார் என்பதையும் போலா நிற்கிறான் என்பதையும் பெனகல் மறைக்கவில்லை. அது அவருடைய நேர்மை.

43 ஆண்டுகள் கழித்து, 2019இல் அனுபவ் சின்ஹாவின் ‘ஆர்ட்டிகிள் 15’ வந்தது. தலித் சிறுமிகள் கொல்லப்பட்ட வழக்கு. இந்த முறை வந்து இறங்குபவர் காரில் வரும் பிராமண ஐ.பி.எஸ். அதிகாரி. சாதி என்ற ஒன்று இப்படி இருக்கிறது என்பதே அவருக்குப் புதிய செய்தி. சாக்கடைக்குள் மூழ்கி எழும் துப்புரவுத் தொழிலாளியை அந்தப் படம் மறக்க முடியாதபடி காட்டியது. ஆனால் அவர் மேலே வந்த பிறகு என்ன பேசுவார், வீட்டில் எதற்குச் சிரிப்பார் என்பதைச் சொல்லவில்லை. தலித் தலைவர் நிஷாத் கொல்லப்படுகிறார். வழக்கை முடித்து வைப்பவர் அதிகாரி. அந்தப் படத்தால் வடநாட்டில் பல லட்சம் பேர் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவைத் தெரிந்துகொண்டார்கள். நன்றிதான். ஆனால் அந்தப் பிரிவை எழுத வைத்தவர்களின் பிள்ளைகள் படம் முழுக்க யாரோ வரக் காத்திருக்கிறார்கள்.

நம் மாவட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். கூலி உயர்வு, பி.எஃப்., இ.எஸ்.ஐ., கையுறை, கழிப்பறை என்று எது கிடைத்தாலும் அதற்கு முன்னால் தொழிலாளர்களே கூடிப் பேசிய பல இரவுகள் இருக்கும். அந்தக் கூட்டங்களில் சண்டை இருக்கும், கேலி இருக்கும், தந்திரம் இருக்கும். ஏழை எப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான். சீட்டு எப்போது எடுப்பது, குழுக் கடனை எதை வைத்து அடைப்பது, பிள்ளைக்கு எந்தக் கல்லூரி என்று ஓடிக்கொண்டே இருப்பான். வெளியிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அவன் சும்மா துன்பப்படுகிறவனாகவே தெரிகிறான்.

இரண்டு கற்கள்

ஒரே செயலை இரண்டு இயக்குநர்கள் எப்படிக் காட்டினார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் புரியும்.

பெனகலின் முதல் படம் ‘அங்குர்’ (1974). தெலங்கானா கிராமம். தலித் பெண் லட்சுமி, வாய் பேசாத அவள் கணவன் கிஷ்டய்யா, நிலக்கிழாரின் மகன் சூர்யா. லட்சுமியைக் கர்ப்பமாக்கிய சூர்யா, கிஷ்டய்யாவைச் சவுக்கால் அடிக்கிறான். லட்சுமி அவனைச் சபிக்கிறாள். எல்லாம் முடிந்த பின் ஒரு சிறுவன் கல்லை எடுத்து நிலக்கிழார் வீட்டுக் கண்ணாடிச் சன்னலில் எறிகிறான். திரை சிவப்பாகிறது. விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த, நகரத்தில் படித்த ஒருவரின் மனசாட்சி எறிந்த கல் அது. எதிரி யார் என்பதில் அதற்குக் குழப்பமில்லை.

நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படம் ‘ஃபன்றி’ 2013இல் வந்தது. சோலாப்பூர் மாவட்டத்தின் சிற்றூரில் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் அவர். பள்ளிச் சிறுவன் ஜப்யாவின் குடும்பம், ஊரார் வேடிக்கை பார்க்கப் பன்றி பிடிக்க வேண்டியிருக்கிறது. பிடிக்கப் போகும் நேரத்தில் பள்ளியில் தேசிய கீதம் ஒலிக்கிறது. குடும்பமே அசையாமல் நிற்கிறது. பன்றிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பிடித்த பன்றியைச் சுமந்துகொண்டு, அம்பேத்கரும் பூலேவும் வரையப்பட்ட பள்ளிச் சுவரைக் கடந்து போகிறார்கள். முடிவில் ஜப்யாவும் கல் எடுக்கிறான். அந்தக் கல் கேமராவை நோக்கி வருகிறது. அதாவது இருக்கையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் நம்மை நோக்கி.

‘அங்குர்’ பார்த்தவர் வீட்டுக்குப் போகும்போது தான் சிறுவனின் பக்கம் நின்றதாக நினைத்துக்கொள்ளலாம். ‘ஃபன்றி’ அந்த வசதியைத் தரவில்லை. வேடிக்கை பார்த்துச் சிரித்த கூட்டத்தில் நீயும் இருந்தாய் என்கிறது. இதைச் சொல்ல, அந்தக் கூட்டத்தின் நடுவில் ஒருநாள் நின்று கூசியிருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியில் கற்றுத் தரும் விஷயமல்ல அது.

தாராவியில் தோல் வாசனை

பம்பாயின் தாராவியை உருவாக்கியதில் நம் தமிழர்களுக்குப் பங்கு உண்டு. அதிலும் தோலுக்குப் பெரிய பங்கு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன இஸ்லாமியரும் ஆதிதிராவிடரும் அங்கே தோல் பதனிடும் தொழிலை வளர்த்தார்கள். இன்றும் தாராவி என்றால் தோல் பையும் பெல்ட்டும் நினைவுக்கு வரும்.

ஜாவேத் அக்தரின் மகள் சோயா அக்தர் 2019இல் எடுத்த ‘கல்லி பாய்’ தாராவியின் ராப் பாடகனைப் பற்றியது. உற்சாகமான படம். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் நாயகனின் சின்ன வீட்டுக்குள் வந்து படம் எடுப்பதும், வீட்டார் அதற்குக் காசு கேட்பதுமான காட்சியில் தன்னையே கேலி செய்துகொள்ளும் நேர்மை தெரிகிறது. ஆனால் அந்தப் படத்தில் தாராவி, திறமைசாலி தப்பித்துப் போக வேண்டிய இடம். ஒருவன் மேலே போய்விட்டால் கதை முடிந்தது. ஆவடி அருகே கர்லப்பாக்கத்தில் பிறந்த பா. இரஞ்சித் 2018இல் எடுத்த ‘காலா’வில் அதே தாராவி, விட்டுக்கொடுக்கக் கூடாத நிலம். ஒருத்தியும் ஒருவனும் தப்பித்துப் போவதற்கு அங்கே பொருளில்லை. தெருவே தங்க வேண்டும். ஓரிடத்தைச் சாளரம் வழியாகப் பார்த்தவருக்கும் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்தவருக்கும் உள்ள வேறுபாடு இது.

பணம் என்ற இன்னொரு சல்லடையும் இருக்கிறது. மஞ்சுளேயின் ‘சைராட்’ (2016) மராத்தியில் பெரும் வசூல் கண்டது. அதை 2018இல் ‘தடக்’ என்று இந்திக்குக் கொண்டு போனபோது, படத்தின் உயிராக இருந்த சாதி மங்கிப் பணக்காரன் – அவ்வளவு பணமில்லாதவன் காதலாக வெளுத்தது. நம் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ 2025இல் ‘தடக் 2’ ஆனபோது இயக்குநர் ஷாஜியா இக்பால் சாதியைப் பேசத் தயங்கவில்லை. கத்தரி இம்முறை தணிக்கை வாரியத்திடமிருந்து வந்தது.

அதே நிறுவனத்திலிருந்துதான் 2025இல் நீரஜ் கேவானின் ‘ஹோம்பவுண்ட்’டும் வந்தது. தான் தலித் என்று வெளிப்படையாகச் சொன்ன இயக்குநர். ஒரு தலித் இளைஞன், ஒரு முஸ்லிம் இளைஞன். போலீஸ் வேலைக்குக் காத்திருந்து, சூரத்தில் ஆலை வேலைக்குப் போய், 2020 ஊரடங்கில் ஊருக்குத் திரும்பும் நண்பர்கள். விண்ணப்பத்தில் இடஒதுக்கீட்டுப் பிரிவைக் குறிக்கத் தயங்கும் கையை அந்தப் படம் காட்டுகிறது. தாயின் வெடித்த குதிகாலைக் காட்டுகிறது. உலகத்துக்கே செருப்பும் ஷூவும் செய்து அனுப்பும் ஆம்பூர், மேல்விஷாரம் ஊர்க்காரனுக்கு அந்தக் குதிகாலின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. தலித்தும் முஸ்லிமும் ஒரே டிரம்முக்குப் பக்கத்தில் நின்று ஈரத்தோல் தூக்கும் ஊர் இது.

கண்ணீர் போதாது

வசதியானவர்கள் ஏழைகளைப் பற்றிப் படம் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிமல் ராயும் சாஹ்னியும் அதற்கு மறுப்பாக நிற்கிறார்கள். நம்மவர் எடுத்தால் தானாகவே நல்ல படமாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். பிரிட்ஜை நகர்த்திய கைகளில் ஒன்று என்னுடையது.

ஆனால் இது ரசனைப் பிரச்சினையோடு நிற்பதில்லை. திரையில் எப்படிப் பார்க்கப் பழகுகிறோமோ அப்படித்தான் அலுவலகத்திலும் பார்க்கப்படுகிறோம். ஏழை என்றால் ஒன்றுமில்லாதவன் என்று பழகிய அதிகாரி, வீட்டில் டிவியைப் பார்த்ததும் இவனுக்கு எதற்கு உதவி என்கிறார். பிள்ளை நல்ல சட்டை போட்டிருந்தால் இவனுக்கு எதற்கு இடஒதுக்கீடு என்கிறார்கள். பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னபோது, கெடுத்தவர் ஈடு கட்ட வேண்டும் என்றது. அது உரிமையின் மொழி. சினிமா நமக்குப் பெரும்பாலும் இரக்கத்தின் மொழியைக் கற்றுத் தந்தது. இரக்கத்தில் கொடுப்பவர் நினைத்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

அந்த ஆவணப்படத்தைப் பெரியம்மா பிறகு பேத்தியின் போனில் பார்த்தார். தம் கைகள் பெரிதாகத் தெரிந்ததைப் பார்த்துச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நா பேசுனதுல பாதிய காணோமே” என்றார். ஒரு தோலைத் தொட்டுப் பார்த்தே அது எந்தத் தரம் என்று எப்படிச் சொல்வது என்பதை அவர் கேமரா முன் விளக்கியிருந்தார். அது படத்தில் இல்லை. இருமியது இருந்தது.

பேத்தி ஊரில் கல்லூரியில் படிக்கிறாள். விடுபட்ட அந்த விளக்கத்தைத் தன் போனிலேயே மறுபடி எடுத்தாள். நான்கு நிமிடம். சென்ற அம்பேத்கர் பிறந்தநாள் மாலையில் காலனியில் வெள்ளைத் துணி கட்டி அதைப் போட்டோம். படம் ஓடும்போதே கூட்டத்திலிருந்து குரல்கள் வந்தன. “யக்கா, தோல அப்படியா புடிப்ப?” என்றார் ஒருவர். “வெளிச்சம் பத்தல” என்றார் இன்னொருவர். பெரியம்மா எழுந்து நின்று எல்லாருக்கும் பதில் சொன்னார். பேத்தி நோட்டில் குறித்துக்கொண்டாள். அடுத்த முறை திருத்தி எடுப்பதாகச் சொன்னாள்.

அந்த நான்கு நிமிடமும் பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் பிரிட்ஜ் தன் இடத்திலேயே நின்றது.